மூன்று தடவை அமுக்கிய பட்டன்

போன வாரம் அப்பாவின் குடியைப் பற்றி எழுதியதற்கு என் தங்கச்சி போனில் ஏசினாள். "ஊரே படிக்கிற பத்திரிகையில வீட்டு மானத்த ஏன்ணே வாங்குற?" என்றாள். சரி, இந்த வாரம் என் மானத்தை வாங்குகிறேன். அவள் நிம்மதியாக இருக்கட்டும்.

யட்டியாந்தோட்டையில் ஒரு மைதானம். பகல் பதினொரு மணி வெயில். மேடைக்கு மேலே தகரம் போட்டிருந்தார்கள். தகரத்தின் சூடு தலையில் இறங்கியது. சுற்றுவட்டாரத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்திய நற்செய்திப் பாட்டு ஆராதனை அது. முன்னால் பிளாஸ்டிக் கதிரைகள், அதற்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்த சனம். குடை பிடித்தபடி சிங்கள ஆட்களும் இருந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. எங்கள் தோட்டத்துச் சபையிலிருந்து பாட வந்தது மூன்றே பேர். என் மனைவி ஸ்டெல்லா, அவளோடு வேலை செய்யும் ரூபி அக்கா, என்ஜின்காரன் சந்தனம். வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் பாடுகிறவர்கள். நான் பாடுகிறவன் இல்லை. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு சுரம் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. அந்த உயரத்தில் அவர்கள் பாட்டை எடுப்பார்கள். அதற்குப் பிறகு நான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்டெல்லா என் பக்கம் குனிந்தாள். அவள் சேலையில் அவள் வேலை செய்யும் ரப்பர் ஸ்டோரின் புகை வாடை. எத்தனை தடவை துவைத்தாலும் போகாத வாடை.

"ஏங்க, தொண்ட சரியில்ல. அசிட்டு மணத்துல ரெண்டு நாளா இருமல். சுருதிய கொஞ்சம் எறக்கிக் குடுங்க."

நான் தலையாட்டினேன்.

அந்தக் கீபோர்டில் இரண்டு சின்ன பட்டன்கள் உண்டு. ஒன்று சுருதியை ஏற்றும், இன்னொன்று இறக்கும். கட்டையை மாற்றாமல் அதே இடத்தில் விரலை வைத்தாலும் சத்தம் மட்டும் ஏறும், இறங்கும். எத்தனை தடவை அமுக்கினேன் என்று ஒரு சிவப்பு நம்பர் காட்டும், ஆனால் ஏற்றினேனா இறக்கினேனா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

நான் பட்டனை அமுக்கினேன். ஏற்றுகிற பட்டனை. மூன்று தடவை.

பெட்டி வந்த கதை

அந்தக் கீபோர்டுப் பெட்டி குவைத்திலிருந்து வந்தது. வீட்டு வேலைக்குப் போன என் அக்கா திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்குச் சட்டை கொண்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் தோட்டம் தெரணியகலை பக்கம். மேலே தேயிலை, கீழே ரப்பர். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். எனக்கு யாரும் சங்கீதம் சொல்லித் தரவில்லை. மத்தியானம் பால் வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து, கையில் ஒட்டிய பாலை உரித்துப் போட்டுவிட்டு, கட்டை கட்டையாகத் தட்டிப் பார்த்துத்தான் படித்தேன். ஆறு மாதத்தில் சபையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு என் நடையே மாறியது. பால் வெட்டுகிற அருள்தாஸ் "மாஸ்டர்" ஆனேன். நான் போகும்வரை பாஸ்டர் முதல் பாட்டைத் தொடங்க மாட்டார். நான் வராவிட்டால் கர்த்தரும் வரமாட்டார் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

சத்தமாக வாசிப்பேன். தாளத்துக்கு ஒரு பட்டன், அதையும் போட்டுவிடுவேன். ஸ்பீக்கரை என் காதுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சனம் வாயைத் திறந்து மூடுவது தெரியும். என்ன பாடுகிறார்கள் என்று கேட்காது. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

ஸ்டெல்லா மூன்றாவது வரிசையில் நின்று பாடுவாள். கல்யாணமாகிப் பல வருடம். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் அவள் பாடினால், "சும்மா இரு, நான் வாசிச்சுப் பழகுறேன்" என்று சொல்லியிருக்கிறேன். சத்தியமாகச் சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் போன ஞாயிறு

ஒரு வருடம் மழையே இல்லை. நீர்த்தேக்கம் எல்லாம் வற்றிப்போய் நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. எப்போது போகும், எப்போது வரும் என்று பேப்பரில் போடுவார்கள். போட்ட மாதிரி நடக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில், பாட்டின் இரண்டாம் சரணத்தில் கரண்ட் போனது. பெட்டி செத்தது. என் விரல் கட்டையில் டக்கு டக்கு என்று வெறும் பிளாஸ்டிக் சத்தம் போட்டது.

பாட்டும் செத்துவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சாக வேண்டும் என்று எதிர்பார்த்தேன். நான் நிறுத்தினால் எல்லாம் நிற்க வேண்டும் இல்லையா?

நிற்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு குரல் போய்க்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெண் குரல், அதே பாட்டை வேறு உயரத்தில் பாடியது. கடைசி வாங்குப் பலகையில் இருந்து ஓர் ஆண் குரல், பானைக்குள் பேசுகிற மாதிரி. மூன்றும் மூன்று பாதையில் போய் வரியின் முடிவில் ஒன்றாகச் சேர்ந்தன. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பாடுவதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மேல்குரல் என் மனைவி.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சகோதரி, இத்தன நாளா இந்தக் குரல எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

சந்தனம் வாய் சும்மா இருக்காது. "மாஸ்டரு பெட்டிக்கு அடியில பாஸ்டர்" என்றான்.

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

உருளை மெசின் சொல்லிக் கொடுத்த பாட்டு

இவர்கள் எங்கே படித்தார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கொழும்பில் படித்தார்களா, வெளிநாட்டு மிஷனரி யாராவது வந்தாரா என்றெல்லாம்.

ஒருவரும் வரவில்லை. ஸ்டோரில் படித்தார்கள்.

ரப்பர் பாலை அசிட் விட்டு உறைய வைத்து, உறைந்த கட்டியை உருளை மெசினில் கொடுத்துத் தகடாக இழுப்பார்கள். முதலில் வழவழப்பான மொட்டை உருளை, பிறகு தகட்டில் கோடு போடும் வரி உருளை. எண்ணெய் என்ஜினில் ஓடுவது. மொட்டை உருளையில் ரூபி அக்கா, வரி உருளையில் ஸ்டெல்லா. என்ஜின் பக்கம் சந்தனம். காலையிலிருந்து அந்த இரைச்சல்தான். பேசினால் கேட்காது. ஆனால் பாடினால் கேட்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரண்டு உருளைக்கும் சத்தம் வேறு. மொட்டை உருளை கீழே "ம்ம்ம்" என்று முனகும். வரி உருளை அதைவிட ஏறிப் பாடும். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் பாடினால் ஒருத்தி குரலை மெசின் விழுங்கிவிடும். அதனால் ஆளுக்கொரு மெசினைப் பிடித்துக்கொண்டு, அதன் சத்தத்துக்கு மேலே ஏறி நின்று பாடினார்கள். சந்தனம் என்ஜினோடு சேர்ந்து உறுமினான். வருடக்கணக்கில் இப்படி. தாங்கள் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

நான் தினமும் பால் வாளியோடு அந்த வாசலுக்குப் போகிறவன். மெசின் சத்தம் மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது.

ஒற்றை விரல் வேலை

மின்வெட்டு மாதக்கணக்கில் நீண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு ஆள் கூடியது. இந்துக் குடும்பங்கள்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போயின. பெட்டி வாசித்த காலத்தில் ஒருத்தரும் அப்படி வந்து நின்றதில்லை.

பாஸ்டர் நல்ல மனிதர். நான் பின் வாங்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டார். "மாஸ்டர், பேட்டரி போட்டு ஒரு சுருதி மட்டும் குடுங்க. மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க" என்றார்.

மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்!

அந்த இரக்கத்துக்குப் பதில் என்னை அடித்திருக்கலாம். பத்து விரலால் வாசித்தவன் ஒரு விரலை வைத்துக் காத்திருந்தேன். அதுவும் பாட்டு முழுக்க இல்லை, மூச்சு ஒன்று இழுக்கிற நேரம். அவர்கள் பாட, நான் பார்க்க, எல்லோரும் அவளைப் பார்க்க.

பீலிக்கரையில் தண்ணி எடுக்கப் போனால் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். கடையில் சீனி வாங்கப் போனால், "நீங்க பாட்டு ஸ்டெல்லா வூட்டுக்காரர்தானே?" என்று என்னைக் கேட்டார்கள். நான் யார் வீட்டுக்காரன்? அவள்தானே மாஸ்டர் வீட்டு ஆள்?

அடுத்தவன் மேல் பொறாமைப்பட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெண்டாட்டி மேல் பொறாமைப்பட்டால் கதவுக்கு உள்ளேதான் அவளும் இருக்கிறாள். பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். மூச்சு விடுவதைக் கேட்டால்கூட எரிகிறது.

யட்டியாந்தோட்டைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பியபோது அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை ஒரு மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்டோர் முடிந்து வந்தும் பாடிப் பார்த்தாள். சோறு வடிக்கும்போது பாடினாள். எங்கள் சபை ஆள் ஒருவரே கட்டிய பாட்டு, பைபிளில் வருகிற, கிணற்றடியில் தண்ணீர் கேட்ட கதை. "அந்த எடத்துல மூச்சு பத்துமாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் ஒத்த வெரல்காரன்" என்றேன்.

அவள் சட்டியைக் கிளறினாள்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி

வடக்கில் சண்டை நடந்த காலம். தமிழ் ஆட்கள் ஏறிய வேன் என்றால் இறக்கிப் பார்க்காமல் விட மாட்டார்கள். யட்டியாந்தோட்டைக்குப் போகிற வழியில் ஒரு தடுப்பில் நிறுத்தினார்கள். என் நீளப் பெட்டியைப் பார்த்ததும் ஓர் இளம் சிப்பாய் துவக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மேக்க மொக்கத்த?" என்று கேட்டான். இது என்ன என்கிறான்.

நான் திறந்து காட்டினேன். வாசித்துக் காட்டச் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒருத்தன் என்னை வாசிக்கச் சொல்கிறான்! வேன் சீட்டில் வைத்து, தாளமும் போட்டு, இரண்டு கையாலும் வெளுத்து வாங்கினேன்.

அவன் கொட்டாவி விட்டான்.

பயத்தில் ரூபி அக்கா என் வாசிப்போடு சேர்ந்து முனக ஆரம்பித்தாள். ஸ்டெல்லாவும் சேர்ந்தாள். சிப்பாய் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். நிறுத்து என்று. நிறுத்தினேன். அவர்களைப் பாடச் சொன்னான். ஒரு சரணம் முழுக்கக் கேட்டான். துவக்கு தானாகக் கீழே இறங்கியது.

"ஹரி, யன்ன" என்றான். சரி, போங்கள் என்று.

வேன் கிளம்பியதும் சந்தனம், "பாத்தீங்களா மாஸ்டரு, ஆமிக்காரனுக்கே பெட்டி வேணாமாம்" என்றான்.

அங்கேதான் தீர்மானம் செய்தேன் என்று நினைக்கிறேன். வேறு யாரும் என்னைத் தூண்டவில்லை. பிசாசு என்று பழி போட மாட்டேன். நானேதான்.

மறுபடியும் மேடை

மூன்று தடவை அமுக்கிவிட்டுச் சுருதியைக் கொடுத்தேன்.

அவள் என்னை நம்பி எடுத்தாள். இறக்கித்தான் கொடுத்திருப்பேன் என்ற நம்பிக்கையில் பாய்ந்து எடுத்தாள். முதல் வரி மேலே மேலே போனது. ரூபி அக்காவின் கண் விரிந்தது. இரண்டாவது வரியில் ஓர் உயரம் வரும். அங்கே ஸ்டெல்லாவின் குரல் நடுவில் கிழிந்தது. இருமல் வந்தது. நிற்காத இருமல்.

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குனிந்து நின்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. இப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள், இன்னொரு தடவை சுருதி கேட்பாள், எல்லோர் முன்னாலும் கேட்பாள், நான் கொடுப்பேன் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ரூபி அக்கா பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள். வாயைத் திறக்காமல் "ம்ம்ம்" என்றாள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் பால் வாளியோடு ஏறி வரும்போது ஸ்டோர் வாசலில் கேட்கிற சத்தம். வரி உருளையின் சத்தம். அவளுக்குள் அது எப்போதும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ரூபி அக்கா உடனே தன் உருளையை எடுத்தாள். சந்தனம் என்ஜினைப் போட்டான். மூன்று மெசினும் சேர்ந்து முனகி, அந்த முனகலுக்குள்ளிருந்து பாட்டு எழுந்தது. கரகரத்த தொண்டையோடுதான் பாடினாள். தண்ணீர் கேட்கிற பாட்டுக்கு அந்தக் கரகரப்பு பொருந்தியது. தாகமாக இருக்கிறவள் பாடுகிற மாதிரியே இருந்தது. சிரித்த முன் வரிசை எழுந்து நின்றது.

என் விரல் கட்டையின் மேலேயே இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

இறங்கி வரும்போது ஒரு சிங்கள அம்மா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹரி லஸ்ஸனய், நங்கி" என்றாள். ரொம்ப அழகு, தங்கச்சி என்று. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அம்மா.

பேட்டரி

பாஸ்டர் நேராக என்னிடம் வந்தார். "மொதல்ல என்னா ஆச்சு மாஸ்டர்? சுருதி எங்கயோ போச்சே?"

ஸ்டெல்லா பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போத்தலை வாயிலிருந்து எடுத்தாள்.

"பேட்டரி எறங்கிப் போச்சு பாஸ்டர்" என்றாள். "பாவம், இவரு என்னா செய்வாரு?"

பேட்டரி இறங்கினால் சுருதி ஏறுமா? பாஸ்டருக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

வேனில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். எங்கள் லயத்து வீட்டு வாசலில் இறங்கிப் பெட்டியை உள்ளே வைக்கும்போதுதான் பேசினாள். குரல் போயிருந்தது. காற்று மட்டும் வந்தது.

"மூனு தடவ அமுக்குனீங்க. அந்தச் செவப்பு நம்பர் எனக்கு நேராத்தான் இருந்துச்சு. மூனு எறக்கித் தந்தீங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். அழவில்லை, ஏசவில்லை. அடுப்பு மூட்டப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. காட்டிக் கொடுக்காமல் விட்டாளே என்று அதற்கும் எரிந்தேன். அதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டார். சபையார் சேர்ந்து எனக்கு ஒரு பரிசு. பழுப்புத் தாளில் சுற்றி ஆறு புதுப் பேட்டரிகள்! சனம் கை தட்டியது. நான் நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டது. "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்றேன். மூன்றாவது வரிசையில் ஸ்டெல்லா மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கை தட்டினாள்.

அந்தப் பெட்டியை அணைத்தால் ஏற்றி வைத்த நம்பர் அழிந்துவிடும். மறுபடி போட்டால் சைபரில் தொடங்கும். பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. ஸ்டெல்லாவுக்கு உண்டு.

கடைசிச் சரணம்

பிறகு மழை வந்தது. கரண்ட் ஒழுங்கானது. பாஸ்டர் மறுபடி என்னை வாசிக்கச் சொன்னார். பழைய மாதிரியே சத்தத்தைக் கூட்டி, தாளத்தைப் போட்டு வாசித்தேன். ராஜா திரும்பி வந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைசிச் சரணத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அவள் பாடுகிறாளா, இல்லை என் மேல் கோபத்தில் வாயை மட்டும் அசைக்கிறாளா? சத்தத்தைக் குறைத்தேன். தெரியவில்லை. இன்னும் குறைத்தேன். தெரியவில்லை. பொறுக்க முடியாமல் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன்.

பாடிக்கொண்டுதான் இருந்தாள். ரூபி அக்கா கீழே, சந்தனம் அதற்கும் கீழே. முழுச் சரணமும் கேட்டேன். எரிந்தது. எரிய எரியக் கேட்டேன்.

அதிலிருந்து கடைசிச் சரணத்துக்கு நான் வாசிப்பதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படியே செய்தேன். சனம் பழகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துச் சபைகளும் பிடித்துக்கொண்டன.

சில வருடம் கழித்துப் புதுப் பாஸ்டர் மாறி வந்தார். முதல் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். "கடைசிச் சரணத்த வாத்தியம் இல்லாம விடுறீங்களே, எவ்வளவு ஆழமான வழக்கம்! யாரு யோசனைங்க?" என்று கேட்டார்.

"என்னோடதுதான் பாஸ்டர்" என்றேன். "சனத்தோட குரல் கேக்கணும்னு."

ஸ்டெல்லா தேத்தண்ணியோடு பாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மூன்று விரலைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து பாஸ்டர் திரும்பினார்.

"ஒன்னுமில்ல பாஸ்டர்" என்றாள். "சீனி எத்தன கரண்டின்னு இவருகிட்ட கேட்டேன்."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, நின்று நிதானமாக, மூன்று கரண்டி சீனியை என் கோப்பையில் போட்டுக் கலக்கினாள். நான் சீனி போட்டுக் குடிக்கிறவனே இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.